கற்பிட்டியில் மேடு கிடையாது

கொழும்புக்கு வடக்கே, கடலோரத்துக் கற்பிட்டியில் மேடு கிடையாது என்று கேள்விப்பட்ட நிமிடமே அந்த அரை மராத்தானை நான் ஓடி முடித்துவிட்டதாக நம்பத் தொடங்கினேன். மேடு இல்லையென்றால் மூச்சு வாங்காது. மூச்சு வாங்காவிட்டால் கால் நிற்காது. கால் நிற்காவிட்டால் இருபத்தொரு கிலோமீட்டர் என்ன, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதைப்போல் இரட்டிப்புத் தூரத்திலுள்ள பாலாவி வரைக்கும் போய்விடலாம். தூத்துக்குடியில் பெயிண்ட் கடை வைத்துக்கொண்டு, தொப்பையை உடல்வாகு என்று சொல்லித் திரியும் ஐம்பது தாண்டிய ஒருவனுக்கு இவ்வளவு தர்க்கம் போதும்.

அதைவிடப் பெரிய மூடத்தனம் ஒன்றும் கூடவே இருந்தது. நிஸாமை நான்தான் இழுத்துக்கொண்டு ஓடப்போகிறேன் என்று நம்பினேன்.

நிஸாமும் நானும் தோஹாவில் ஒரே அறையில் மேல்கட்டிலும் கீழ்கட்டிலுமாகக் கிடந்தவர்கள். யுத்தம் முடிந்த பிறகு அவர் தன் ஊரான கற்பிட்டிக்குத் திரும்பிக் கருவாட்டு வியாபாரம் தொடங்கினார். போன வருடம் நெஞ்சில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பின் வீட்டில் அவரைக் கண்ணாடி ஜாடியாக்கிவிட்டார்கள். சந்தைக்குப் போனால் மகன் பின்னாலேயே வருகிறான், கிணற்றில் வாளியைத் தொட்டால் மகள் கத்துகிறாள், மோட்டார் சைக்கிள் சாவி மனைவியின் அலுமாரிக்குள் போய்விட்டது. "அண்ணன், என்னை மையத்து மாதிரிப் பாத்துக்கிறாங்க, குளிப்பாட்டாததுதான் குறை" என்று தன்னைப் பிணமாக்கித் தொலைபேசியில் சிரித்தார். டாக்டர் மட்டும் மெதுவாக ஓடலாம், நல்லது என்று சொல்லியிருந்தார். நிஸாம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்காக விடியலில் ஓடிப் பழகி, ஊருக்கு வந்த அரை மராத்தானில் பெயரும் கொடுத்துவிட்டார். அவர் மனைவி ஃபரீதா ஒரே நிபந்தனை போட்டாராம்: மணி அண்ணன், அதாவது நான், கூட ஓடினால் போகலாம்.

ஏனென்றால் நான் அனுபவசாலி. ஊரில் ஒருமுறை ஓடி முடித்திருக்கிறேன். முடிப்புக் கோட்டில் மேளம் அடித்தவர்கள் சாப்பிடப் போன பிறகு என்பதை தோஹா நண்பர்கள் யாருக்கும் நான் சொல்லவில்லை.

பாலாவிச் சந்தியில் இறங்கியபோது உப்பளங்களின் வெள்ளை கண்ணைக் குத்தியது. கடல் தாண்டி வந்து எங்கள் ஊருக்கே திரும்பிவிட்டேனோ என்று ஒரு கணம் சந்தேகம். சிமெந்து லொறிகள் புழுதி கிளப்பின. கற்பிட்டி பஸ் என்று ஏறியது உண்மையில் வெங்காய மூட்டைகளுக்கான பஸ்; மனிதர்களை இடைவெளிகளில் செருகியிருந்தார்கள். என் மடியில் ஒரு மூட்டை. அதன் சொந்தக்காரர் இரண்டு இருக்கை தள்ளி நிம்மதியாகத் தூங்கினார். பாதி வழியில் பஸ் நின்றுபோனது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நான் மட்டும் மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன். இறக்கி வைக்கலாமா என்று யாரிடம் கேட்பதெனத் தெரியவில்லை.

சாலையோரத்தில் ராட்சதக் காற்றாடிகள் வரிசையாக நின்று சுழன்றுகொண்டிருந்தன. கயத்தாறு ஞாபகம் வந்தது, படம் எடுத்துக்கொண்டேன். மின்சாரக் கம்பெனிக்காரன் காசைக் கொட்டி அவற்றை ஏன் இந்த நிலத்தில் நட்டான் என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை. காற்றாடியைப் பார்த்துவிட்டுக் காற்றை நினைக்காதவன் தென்பாண்டிச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நிஸாம் மெலிந்திருந்தார். என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு, என் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதையும் கொண்டுதான் ஓடப்போறீங்களா?"

"இது உங்க நாட்டு வெங்காயம், பாய். பஸ்ல குடுத்தாங்க."

மறுநாள் காலையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். பாண் என்றால் எங்கள் ஊர் ரொட்டிதான். ஆனால் எங்கள் ஊரில் அதைக் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பார்கள், இங்கே ஆரோக்கியமானவன் அரை இறாத்தல், கிட்டத்தட்டக் கால் கிலோ, சாப்பிடுகிறான். ஃபரீதா என் கோப்பையில் தேத்தண்ணீரை ஊற்றிவிட்டு, கதிரையை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். விசாரணை என்று புரிந்தது.

"அண்ணன், எப்பிடி ஓடப்போறீங்க?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இதற்காகவே படித்து வந்திருந்தேன். முதல் பாதியை மெதுவாக ஓடிச் சக்தியைச் சேமித்து, இரண்டாம் பாதியை வேகமாக ஓடுவது. உலகத்தில் பெரிய ஓட்டக்காரர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். மேசையில் பாண் துண்டுகளை அடுக்கி விளக்கினேன். மேடு இல்லாத இடம் என்பதால் கணக்கு இன்னும் சுலபம். மூன்று மணி நேரம் தருகிறார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். நேரத்துக்குள் முடிக்கமாட்டார் என்று பட்டால் ஏற்றிக்கொள்வார்கள். அந்த வேனை நாம் கண்ணாலும் காணப்போவதில்லை.

"எனக்கு வேகமெல்லாம் வேணாம்" என்றார் ஃபரீதா. "டொக்டர் ஒண்டுதான் சொன்னார். கதைச்சிக்கிட்டே ஓட ஏலுமெண்டா ஓடட்டும். கதை நிண்டா ஓட்டத்தையும் நிப்பாட்டணும். நீங்க அவர விடாமக் கதைக்க வைங்க. தனியா மட்டும் விட்டுறாதீங்க."

"நாலு வருஷம் மேல்கட்டில்ல இருந்து கதைச்சவன் நான். தூங்க விட்டதில்லை."

"அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது" என்றார் அவர், சிரிக்காமல்.

அவர் உள்ளே போனதும் நிஸாம் குரலைத் தாழ்த்தினார். "அண்ணன், அந்த வேன்ல நான் ஏறினா விஷயம் முடிஞ்சி. புறகு என்னைத் தொழப் பள்ளிக்கும் ஓட்டோலதான் அனுப்புவாங்க. புள்ளைகளுக்கு முன்னால என்ட காலால போய் முடிக்கணும். அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்கு அவருக்காகப் பயம் வந்தது. அதுவரை என் பயமெல்லாம் என் படத்தை யாராவது வேனுக்குள் வைத்து எடுத்துவிடக் கூடாது என்பதுதான்.

பாதையைப் பார்த்து வர ஓட்டோவில் போனோம். கோட்டையடியில் தொடங்கித் தெற்கே குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். போகும்போது ஓட்டோ வழுக்கிக்கொண்டு போனது. நான் கைபேசியில் கணக்குப் போட்டபடி இருந்தேன். திரும்பும்போது ரெக்சின் திரை படபடவென அடித்தது, ஓட்டுநர் குனிந்து ஓட்டினார், என் தொப்பி பறந்து ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. அதை எடுக்கப் போய்த் தண்ணீர் தெளிப்பானில் நனைந்து வந்தேன். அப்போதும் கணக்குத்தான் போட்டேன்.

ஓரிடத்தில் நிஸாம் களப்புப் பக்கம், அதாவது கடற்கழிப் பக்கம், கை காட்டினார். "மன்னார்ல இருந்து வள்ளம் இந்தப் பக்கம்தான் வந்து இறங்கின. தொண்ணூறில, எங்கட ஆக்கள வெளியேத்தின நேரம். நான் சின்னப் புள்ள. உம்மா என்ட கைய விடவே இல்ல, சோறு தின்னவும் விடல்ல." பிறகு உடனே, "இந்தா, இந்தக் கடையில நாளைக்குத் தண்ணி வைப்பாங்க" என்றார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான் தாண்டும்.

அன்று மதியம் குறிஞ்சிப்பிட்டியில் ஃபரீதாவின் உறவுக்குள் ஒரு வலீமா, அதாவது மாப்பிள்ளை வீட்டு விருந்து. ஓட்டத்துக்கு முந்தைய நாள் சோறு நிறையச் சாப்பிட வேண்டும் என்று நான் படித்திருந்தேன். இறைவனும் விஞ்ஞானமும் ஒரே மதியத்தில் ஒத்துப்போனது எனக்குப் பிடித்திருந்தது.

பாயில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் ஒரு பெரிய தட்டம். அதைத்தான் சஹன் என்கிறார்கள். நெய்ச்சோறு குன்றாக இருந்தது. மேலே இறைச்சி, கோழி, ஓரத்தில் கத்தரிக்காய், அச்சாறு. அவரவர் தன் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். என் எதிரில் ஃபரீதாவின் பெரிய மாமா; வாயில் பற்கள் சிலதான் மிச்சம். ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி, யோசித்து, வாய்க்குள் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததா என்று காத்திருந்தார்.

எங்கள் ஊர்ப் பந்தி வேறு. ரசத்துக்கு வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பயிற்சியில் என் மூலையை நான் வேகமாகக் காலி செய்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். நிஸாம் என் முழங்காலைப் பிடித்து அமுக்கினார்.

"இரிங்க. மாமா இன்னும் முடிக்கல்ல."

சரி என்று உட்கார்ந்தேன். என் மூலை வெறுமையாக இருந்தது. அதைக் கண்ட இடப்பக்கத்தவர் பதறிப்போய் ஒரு இறைச்சித் துண்டைத் தள்ளினார். வலப்பக்கத்தவர் சோற்றைச் சரித்துவிட்டார். "இந்தியாவில இருந்து வந்தவர், பசியோட இருக்கிறார்" என்று ஒருவர் சொல்ல, பெரிய மாமாவே தன் பக்கத்துக் கோழிக் காலை எனக்கு அனுப்பினார். மரியாதைக்கு அதையும் முடித்தேன். மறுபடி வெறும் மூலை. மறுபடி மலை. நான் எவ்வளவு வேகமாகச் சாப்பிட்டேனோ அவ்வளவு வேகமாக என் தண்டனை வளர்ந்தது.

மூன்றாம் சுற்றில்தான் மற்றவர்களைக் கவனித்தேன். நான்கு பேரும் எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஆனாலும் விரல்கள் தட்டத்தில் இருந்தன. ஒருவர் நாலு பருக்கையை ஒதுக்கி, பிறகு ஒன்று சேர்த்தார். இன்னொருவர் வெங்காயம் தேடினார். மாமா தலை நிமிரும்போதெல்லாம் எல்லோர் கையும் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்குத் தான் பிந்தினவர் என்ற எண்ணமே வரவில்லை. அவர் விரலை நக்கி "அல்ஹம்துலில்லாஹ்" என்ற பிறகுதான் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். நான் ஓர் ஆளின் உதவியோடு எழுந்தேன். அதன் மேல் முட்டையும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது.

வெளியே தென்னை நிழலில் நிஸாம் சொன்னார்: "அண்ணன், நாளைக்கும் இதுதான் திட்டம். உங்கட முதல் பாதி ரெண்டாம் பாதியெல்லாம் வேணாம். சஹன்ல இருக்கிற மாதிரி. ஆரு பிந்துறாரோ அவர்ட வேகம்தான் நம்மட வேகம். மத்தவர் சும்மா சோத்த அளைஞ்சிக்கிட்டு இருக்கணும்."

எனக்குச் சம்மதம். பிந்தப்போவது அவர், அளையப்போவது நான். அன்று மாலை படுக்கையில் கிடந்தபடி அந்தத் தியாகத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். வட்டிலப்பம் புரண்டு படுத்தது.

விடியலில் கோட்டையடியில் கூட்டம். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள், கொழும்பிலிருந்து ஒரே நிறச் சட்டையில் வந்த அலுவலகக்காரர்கள், பாடசாலைப் பையன்கள். நிஸாம் விடியல் தொழுகையான சுபஹுத் தொழுதுவிட்டு வந்திருந்தார். ஃபரீதாவும் பிள்ளைகளும் முடிப்புக் கோட்டில் காத்திருப்பதாக ஏற்பாடு. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் சிங்களத்தில் தோழியிடம் சொன்னதை நிஸாம் மொழிபெயர்த்தார்: "இந்த அங்கிள் ஓட வந்தவரா, ஆரையும் வழியனுப்ப வந்தவரா எண்டு கேக்குறா."

ஓடத் தொடங்கியதும் எனக்கு ஓர் அதிசயம் நடந்தது. கால் தானாகப் போனது. முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளுவதுபோல இருந்தது. நேற்றுச் சாப்பிட்ட சோறு வேலை செய்கிறது என்று நிஸாமிடம் அறிவித்தேன். பேச்சும் நிற்கவில்லை. தோஹாவில் எங்கள் அறையில் மீன் பொரித்ததற்காக மாடி முழுவதும் திரண்டு வந்த கதையைச் சொன்னேன். அவர் தன் பங்குக்கு, அந்த மீனைத் திருடித் தின்றது தான்தான் என்றார். எனக்குத் தெரியாத செய்தி அது. அடுத்து எங்கள் சூப்பர்வைசரின் மோட்டார் கதையைத் தொடங்கினேன். பாடசாலைப் பையன்களைக்கூட ஓரிடத்தில் முந்தினோம். அவர்கள் படம் எடுக்க நின்றிருந்தார்கள்.

திரும்பும் இடத்தில் ஒரு கொடியை நட்டிருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்பினேன். முதுகைத் தள்ளிய கை இப்போது நெஞ்சில் இருந்தது.

வாடைக்காற்று. அதுவரை நான் ஓடவே இல்லை, காற்றுதான் என்னைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. மேடு இல்லாத நிலத்தில் அதைத் தடுக்க எதுவும் இல்லை என்பது எனக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. மணல் பறந்து பல்லில் கடிபட்டது. வெயிலும் ஏறியது. நெய்ச்சோறு தன் உண்மையான எடையைக் காட்டியது.

"புறகு என்ன நடந்த, அண்ணன்? அந்த சுப்பவைசர்?" என்றார் நிஸாம்.

"ம்."

"அவன்ட மோட்டார்?"

"ம்."

"அண்ணன், கதைங்க."

பேச்சு நின்றால் ஓட்டத்தையும் நிறுத்த வேண்டும். நின்றது என் பேச்சு. நிஸாம் சீராக மூச்சு விட்டபடி, காற்றுக்குத் தலையைத் தாழ்த்தி, சின்ன எட்டுக்களாக வைத்துக்கொண்டிருந்தார். நான் நடந்தேன். அவரும் நடந்தார். மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். பாடசாலைப் பையன்கள் போனார்கள். வழியனுப்ப வந்தவரா என்று கேட்ட பெண் "கமோன் அங்கிள்" என்று கத்திவிட்டுப் போனாள். நிஸாம் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். சற்று தூரம் போய் மறுபடி கட்டினார். பிறகு தண்ணீர் வைத்திருந்த மேசையில் நின்று, அங்கிருந்தவரிடம் யார் மகன், எந்தத் தெரு என்று விசாரித்தார்.

அவர் மூன்றாம் தடவை குனிந்தபோது நாடாவைப் பார்த்தேன். இரட்டை முடிச்சு, இம்மியும் தளரவில்லை. அவர் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். நான்தான் பெரிய மாமா.

பின்னால் வேன் சத்தம் கேட்டது. எங்களுக்குப் பின்னால் இனி ஆள் இல்லை என்று அதற்கு அர்த்தம். ஓட்டுநர் சிலாபத்துச் சிங்களவர். தலையை வெளியே நீட்டி, பாதித் தமிழில் சொன்னார்: "மாத்தையா, இப்பிடி நடந்தா சரிவராது. ஓடினா இன்னும் நேரம் இருக்கு. நடந்தா ரெண்டு பேரும் ஏறத்தான் வேணும்."

"நீங்க போங்க, பாய்" என்றேன்.

"சஹன்ல இருந்து எழும்புறதா? நீங்க இன்னும் முடிக்கல்லயே."

"புள்ளைங்க நிக்குது அங்க."

"நிக்கட்டும். ரெண்டு பேரும் நடப்பம். வேன்ல ஏத்தினா ஏத்தட்டும்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நேற்றுக் காலையில் பாண் தட்டுக்கு மேல் குனிந்து என்னிடம் கேட்ட ஒரே விஷயத்தை, என் வட்டிலப்பத்துக்காக விட்டுக்கொடுக்கிறார். கெஞ்சினால் கேட்கமாட்டார். என் பக்கம் சோறு இருக்கும்வரை அவர் எழுந்திருக்கமாட்டார். நான் நேராக வேனுக்குப் போய்க் கதவை இழுத்து ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"மாமா சாப்பிட்டு முடிச்சாச்சு" என்றேன். "எழும்புங்க."

இதில் வீரம் எதுவும் இல்லை. இருக்கை மெத்தென்று இருந்தது. நிஸாம் ஒரு நிமிடம் ரோட்டில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி ஓடத் தொடங்கினார்.

உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. தனியாக விடாதீர்கள் என்றுதானே ஃபரீதா சொன்னார்? உள்ளே கணுக்கால் சுளுக்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் வேகமாகப் போங்கள், மெதுவாகப் போங்கள், பக்கத்தில் போங்கள் என்று மூன்று கட்டளைகள் இட்டேன். அவர் சிரித்தார். கடைசி ஆளுக்குப் பின்னால்தான் போவார், அது சட்டம். கடைசி ஆள் இப்போது நிஸாம்தான்.

நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டேன்.

"பாய்! அந்த மீன் என்ன மீன்?"

முதுகு பதில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் வெளியே எக்கினேன். பிறகு காற்றில் ஒரு சொல் வந்தது: "ஹமூர்!"

"எத்தனை துண்டு தின்னீங்க?"

"மூண்டு!"

"தலையையுமா?"

"தலையையும்!"

ஓட்டுநருக்கு ஹமூர் என்றால் என்னவென்று தெரிய வேண்டியிருந்தது; தோஹாவில் களவா மீனுக்கு அந்தப் பெயர். நான் கத்தினேன், நிஸாம் கத்திப் பதில் சொன்னார், ஓட்டுநர் அதைச் சிங்களத்தில் வெள்ளைக்காரப் பெண்ணுக்குச் சொன்னார், அவளும் தலையாட்டினாள். வேன் நிஸாமின் வேகத்தில் ஊர்ந்தது. அவர் சட்டை வியர்வையில் ஒட்டி முதுகெலும்பு தெரிந்தது. தோஹாவில் சம்பளம் பிந்தியதிலிருந்து கட்டில் உடைந்தது வரைக்கும் கேட்டுத் தீர்த்தேன். கேள்வி தீர்ந்துபோனதும் அவர் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதற்கும் பதில் வந்தது.

கோட்டைச் சுவர் தெரிந்ததும் அவர் பதில் சொல்வதை நிறுத்தினார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். பிறகுதான் அவர் வேகத்தைக் கூட்டியிருக்கிறார் என்று கண்டேன். முடிப்புக் கோட்டுக்கு முன்னால் வேனை மறித்து நிறுத்தினார்கள். நான் இறங்கி ஓரமாக, பிஸ்கட்டும் கையுமாக ஓடினேன். அன்று அந்தத் தூரம்தான் நான் வேகமாக ஓடியது.

ஃபரீதா நிஸாமைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், அவர் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு என்னையும் எனக்குப் பின்னால் நின்ற வேனையும் பார்த்தார்.

"தனியா விட்டுட்டீங்களா, அண்ணன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நிஸாம் முழங்காலில் கைகளை ஊன்றி மூச்சு வாங்கியபடி சொன்னார்: "இல்ல, புள்ள. முழுக்கக் கதைச்சிக்கிட்டுத்தான் வந்தவர்."

நேரத்துக்குள் முடித்தவர்களில் கடைசி ஆள் நிஸாம். நான் முடிக்கவில்லை.